ருசி பார்த்தது சாப்பாட்டில் சேராது

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. தேநீரில் தொட்டுக்கொள்ள ரஸ்க் வாங்கலாமென்று மாடியிலிருந்து இறங்கினேன், கதையோடு ஏறினேன். ரஸ்க்கை மறந்துவிட்டேன். அன்றைக்குத் தேநீர் வெறுமனே இறங்கியது.

நான் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பேக்கரி. அங்கே கேக் செய்கிற மாஸ்டர்தான் நம் கதாநாயகர். பெயர் இருக்கிறது, போட மாட்டேன். "பேரு கீரு போட்டீங்கன்னா அவன்ல தள்ளிக் கதவைச் சாத்திடுவேன் சார்" என்று சொல்லியிருக்கிறார். கேக் வேகவைக்கும் அந்த அவன் அடுப்பை நான் பார்த்திருக்கிறேன். என்னை மடிக்காமலே உள்ளே வைக்கலாம். ஆகவே அவர் மாஸ்டர். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி மாஸ்டரம்மா. தெருவே அப்படித்தான் கூப்பிடுகிறது. பிள்ளைகள் இல்லை. இருந்தால் கதைக்குள் கொண்டுவந்து அழவிட்டிருப்பேன், வசதியாக இருந்திருக்கும்.

நான் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். அந்த வேலையில் துளியும் மிகைப்படுத்த முடியாது. ஆறு பேர் ஏறலாம் என்றால் ஆறு பேர்தான். ஏழு என்று வாய்க்கு வந்ததைச் சொன்னால் கம்பி அறுந்துவிடும். அப்படி அடக்கி வைத்த வாயை ஓய்வுக்குப் பிறகுதான் அவிழ்த்துவிட்டேன். இனி நான் எதைச் சொன்னாலும் பாதியைக் கழித்துக்கொண்டு படியுங்கள். எந்தப் பாதி என்பது உங்கள் பாடு.

2

தொடக்கம் சரியாக அமையவில்லை. முதலில் இப்படி எழுதினேன்:

*மாஸ்டர் எங்கள் லிஃப்டில் தன் பாரமான வலது காலை எடுத்து வைத்தால் போதும், கட்டடமே நகர்ந்துவிட்டதென்று மேல்மாடிக்காரர்கள் ஜன்னல் வழியாக எட்டி எந்த ஊர் வந்திருக்கிறது என்று பார்ப்பார்கள்.*

எனக்கே சிரிப்புத் தாங்கவில்லை. கீழே கொண்டுபோய் மாஸ்டரம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

"இதுக்கு யாரு சிரிப்பா?" என்றார்.

"நான் சிரிச்சேனேம்மா."

"நீங்க சிரிப்பீங்க. லிஃப்ட் ரிப்பேரான அன்னைக்கு ரெண்டாவது மாடியில எங்க வீட்டுக்குப் போறதுக்குள்ள அந்த மனுஷன் மூணு எடத்துல நிப்பாரு. செவுத்துல இருக்கிற பெயின்ட்டைப் பார்க்கிற மாதிரி பாவனை பண்ணுவாரு, நான் கவலைப்படக் கூடாதுன்னு. நானும் சேர்ந்து பெயின்ட்டைப் பார்ப்பேன். அதை எழுதுங்க."

வெட்டிவிட்டேன். [வெட்டியது ஏன் மேலே இருக்கிறது என்று கேட்கிறீர்கள். வெட்டியதை எங்கே வெட்டினேன் என்று காட்ட வேண்டாமா?]

அடுத்து, அறிவாளித்தனமாக ஒரு தொடக்கம்:

*கல்லீரல் என்பது நம் உடலின் வலப்பக்கத்தில், விலா எலும்புகளுக்குக் கீழே, தன் பாட்டுக்கு நூறு வேலைகளைச் செய்துகொண்டு, யாரிடமும் புகார் சொல்லாமல்,*

இந்த இடத்தில் தூங்கிவிட்டேன். எழுதியவனே தூங்கினால் படிக்கிறவர் கதி என்ன? ஆனால் கல்லீரலைப் பற்றிய அந்தக் கடைசிச் சொற்கள் பொய்யில்லை. அது புகார் சொல்லாது. அதுதான் இந்தக் கதையில் சிக்கலே.

3

சரி, கதை.

மாஸ்டருக்குச் சர்க்கரை, மூட்டுவலி, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது எல்லாம் உண்டு. அவருக்கு அவை பழகிப்போயிருந்தன. ஒரு ஸ்கேனில் கல்லீரல் முழுக்கக் கொழுப்பு படிந்திருப்பதும், அங்கங்கே தழும்பு விழ ஆரம்பித்திருப்பதும் தெரிந்தபோதுதான் பயம் வந்தது. இரைப்பையைச் சிறியதாக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டால் எடை இறங்கும், கல்லீரலும் தப்பிக்கும் என்றார் சர்ஜன். அந்தம்மா கத்தி போல ஒல்லி, பேச்சும் அப்படித்தான்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி ரெண்டு வாரம் நான் சொல்ற பால்பவுடர் கரைசல், காய்கறி சூப், அவ்வளவுதான். அதுல கல்லீரல் கொஞ்சம் சுருங்கும். இல்லேன்னா அது இரைப்பை மேல மூடிக்கிட்டுக் கெடக்கும், எனக்கு உள்ள ஒண்ணும் தெரியாது."

மாஸ்டர் தலையாட்டினார். மாஸ்டரம்மா அதைவிடப் பலமாக ஆட்டினார். வீட்டுக்கு வந்ததும் ஒரு சபதம் போட்டார்: "நீங்க எதைக் குடிக்கிறீங்களோ அதைத்தான் நானும் குடிப்பேன். நீங்க ஆபரேஷன் முடிஞ்சு எழுந்து உட்கார்ற வரைக்கும் என் வாயில வேற எதுவும் போகாது."

"உனக்கு எதுக்கு இந்த வேலை? ஆபரேஷன் எனக்குத்தானே?"

"நான் மென்னுக்கிட்டு இருந்தா நீங்க பார்த்துக்கிட்டு இருப்பீங்களாக்கும்."

இருவரும் குடித்தார்கள். மாஸ்டர் உணவைத் தொடவே இல்லை. மதியம், அடுப்பைக் கவனிக்கும் அவன்காரர் தன் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தால் மாஸ்டர் எழுந்து மாவு மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வார். வயிறு கூவியது. [பேக்கரிக்கு வெளியே சிக்னலில் நின்றிருந்த பேருந்து, அதைப் பின்வண்டியின் ஹாரன் என்று நினைத்துப் புறப்பட்டுவிட்டது. பாதியைக் கழியுங்கள்.]

குறித்த நாளில் மயக்க மருந்து கொடுத்து, வயிற்றில் சின்னச் சின்னத் துளை போட்டு, கேமராவை உள்ளே விட்ட சர்ஜன், சற்று நேரத்தில் வெளியே வந்தார்.

"செய்ய முடியல. கல்லீரல் மஞ்சளா வீங்கிப்போய் அப்படியே போர்வை மாதிரி மூடியிருக்கு. தூக்கினா கிழிஞ்சு ரத்தம் கொட்டும். துளையை மூடிட்டேன். டயட்ல இருந்தாரா, இல்லையா?"

மாஸ்டரம்மா எரிமலையானார். "என் கண்ணு முன்னாடி டாக்டர்! காலையில இருந்து கடை சாத்துற வரைக்கும் நான் கல்லாவுல, அவரு கண்ணாடிக்கு அந்தப் பக்கம். ஒரு வாய் சாப்பிடல. என் மேல சத்தியம்!"

மயக்கம் தெளிந்த மாஸ்டரிடம் சர்ஜன் தனியாகக் கேட்டார். அவரும் சத்தியம் செய்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "அப்ப மாவு பொங்கி கேக் தகரத்துக்கு வெளிய வழிஞ்ச மாதிரியா டாக்டர்?"

"அதே மாதிரிதான்."

"அப்படி வழிஞ்சா நாங்க ஓரத்தை வெட்டிடுவோம்."

"கல்லீரலை வெட்ட மாட்டோம். போய் ஒழுங்கா டயட்ல இருந்துட்டு வாங்க."

இருவருமே பொய் சொல்லவில்லை. இதை வாசகர் குறித்துக்கொள்ள வேண்டும்.

4

ஒரு சந்தேகம். மாஸ்டர் என்ற இந்த ஆளை நம்பலாமா? எழுதுகிறவனுக்கே பாத்திரத்தின்மேல் ஐயம் வந்தால் கதை நொண்டும். திருட்டுத்தனமாகத் தின்றவராக எழுதினால் சுலபம்: மாவு மூட்டைக்குப் பின்னால் ஒரு பெட்டி நிறைய பஃப்ஸ், வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வருகிறார், வாசகர் "அடப்பாவி" என்கிறார், கதை முடிந்தது. எழுதியும் பார்த்தேன். மாஸ்டரின் முகம் அந்த வாக்கியத்துக்குள் நுழையவே மாட்டேனென்றது.

உண்மை அதைவிட வேடிக்கையானது. அதைக் கண்டுபிடித்தவர் மாஸ்டரம்மா.

அவர் கல்லாவிலிருந்து பேக்கரியின் உள்பக்கம் கண்ணாடி வழியாகத் தெரியும். திருமணமான நாளிலிருந்து அந்தக் கண்ணாடியைப் பார்க்கிறார். அறுவை நின்றுபோன அடுத்த வாரம், ஒரு மந்தமான முற்பகலில், வாடிக்கையாளர் யாருமில்லாத நேரத்தில், கையில் கன்னத்தை வைத்துக்கொண்டு கணவரைப் பார்த்தார்.

மாஸ்டர் வெண்ணெய்க் கிரீம் அடித்தார். கரண்டி நுனியில் எடுத்தார், நாக்கில் வைத்தார், சர்க்கரை போட்டார். மறுபடி எடுத்தார், வைத்தார், தலையசைத்தார். சாக்லேட் உருக்கினார்; விரல், நாக்கு. அவனிலிருந்து வந்த கேக்கின் மேட்டைப் பல் வைத்த நீளக் கத்தியால் சீவி மட்டப்படுத்தினார். சீவிய ஓரம் வெந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? பார்த்தார். எலுமிச்சைக் கிரீம், காபிக் கிரீம், மறுபடி வெண்ணெய்க் கிரீம், ஏனென்றால் முதலில் அடித்தது அதற்குள் இளகியிருக்கும்.

மாஸ்டரம்மா கன்னத்திலிருந்து கையை எடுத்தார்.

"ஏங்க! இங்க வாங்க."

"கையில கிரீமு."

"கிரீமோட வாங்க. இப்ப என்ன பண்ணீங்க?"

"என்ன பண்ணேன்? வேலை பண்ணேன்."

"வாயில என்ன போட்டீங்க?"

மாஸ்டர் உண்மையிலேயே யோசித்தார். "ஒண்ணும் போடலையே."

"ஐயோ, கடவுளே! அந்தக் கரண்டி? அந்த ஓரம்? அந்த விரலு?"

"அது ருசி பார்க்கிறதுடி!"

"ருசி பார்த்தது எங்க போச்சு? முதுகு வழியா வெளிய போயிடுச்சா?"

"இந்தா பாரு, அது சாப்பாடா? அது வேலை! கொத்தனார் சாந்தைத் தொட்டுப் பார்க்கிறான், சாந்தைத் தின்னான்னு சொல்வியா?"

"சாந்துல பாதி வெண்ணெயும் பாதி சர்க்கரையுமா இருக்கு?"

மாஸ்டர் கையிலிருந்த கரண்டியை அது வேறு யாருடையதோ என்பதுபோலப் பார்த்தார். காலையிலிருந்து அந்தக் கரண்டி எத்தனை முறை ஏறி இறங்கியிருக்கும் என்று முதல்முறையாக நினைத்துப் பார்த்தார். எண்ண முடியவில்லை. மூச்சு விட்டதை யார் எண்ணுவார்கள்?

மாஸ்டரம்மாவுக்குக் கோபம் வந்த வேகத்திலேயே இறங்கியது. ஏனென்றால் அவரும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்? டாக்டரிடம் தன் மேல் சத்தியம் செய்தவர் அவர்தானே? பேக்கரியில் ருசி பார்ப்பதைச் சாப்பாட்டில் சேர்க்கும் வழக்கம் யாருக்குமில்லை. ஓரத்தை யாரும் கேக் என்று சொல்வதில்லை. அது ஓரம்.

"நாசமாப் போச்சு" என்றார் மெதுவாக. "நானும் உங்க கண்ணாலயே பார்த்துட்டேன்."

5

* சிறு குறிப்பு. இந்த இடத்தில், இனி ருசி பார்க்கும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று முன்வந்தேன். கதைக்காகச் செய்த தியாகம். அதற்காக வாங்கிய புதுக் கரண்டி இன்னும் வீட்டில் இருக்கிறது. மாஸ்டர் ஒரே ஒரு நாள் சோதித்துவிட்டு மறுத்தார்: "சார், உங்களுக்கு எதைக் கொடுத்தாலும் நல்லாருக்குன்றீங்க. உப்பு போட்ட கிரீமைக் குடுத்தேன், அதையும் நல்லாருக்குன்னீங்க. அதுக்குப் பேரு நாக்கு இல்ல சார், வெறும் வாசல்."

அவன்காரருக்குப் புகையிலைப் பழக்கம். அவர் நாக்கு செருப்புத்தோல். ஆகவே மாஸ்டரம்மா கல்லாவிலிருந்து எழுந்தார்.

"நான் பார்க்கிறேன். நீங்க அடிங்க, கரண்டியை என்கிட்ட குடுங்க. நான் சொல்றதைக் கேட்டு சர்க்கரை போடுங்க."

"நீதான் வாயில எதுவும் போகாதுன்னு சபதம் போட்டியே?"

"ருசி பார்க்கிறது சாப்பாட்டுல சேராதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். மாஸ்டரும் சிரித்தார். பேக்கரி முழுவதும் சிரித்தது. ரொட்டிகள்கூட ஒரு விரற்கடை கூடுதலாக உப்பின என்பேன், ஆனால் நீங்கள் கழித்துவிடுவீர்கள்.

இங்கேதான் நான் தடுமாறுகிறேன். கதை ஒழுங்காக மாஸ்டரின் கல்லீரலைப் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. நான் எதிர்பார்க்காத கதவு ஒன்று திறந்தது. கற்பனை செய்திருந்தால் இப்படிச் செய்திருக்க மாட்டேன். "ரொம்ப இழுக்கிறார் கிழவர்" என்று நீங்களே சொல்வீர்கள்.

மாஸ்டரம்மா சபதத்தை விடவில்லை. அறுவை தள்ளிப்போனதால் சபதமும் நீண்டது. காலை ஒரு கோப்பை கரைசல், இரவு ஒரு கோப்பை சூப், நடுவில் கரண்டி நுனி. அவரும் பருத்த உடம்புக்காரர்தான், வேகமாக வற்றினார். ரவிக்கையைப் பிடித்துத் தைத்தார், மறுபடி தைத்தார். வாங்க வந்தவர்களெல்லாம் "மாஸ்டரம்மா, சின்னப் பொண்ணாயிட்டீங்க" என்றார்கள். அவருக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

பெரிய ஆர்டர் ஒன்று வந்த நாள். காலை முழுக்கக் கிரீம். மதியத்துக்குச் சற்றுப் பின் மாஸ்டரம்மா வலது விலாவுக்குக் கீழே கையை அழுத்திக்கொண்டு நின்றார். "வாயு" என்றார். சோடா குடித்தார். வலி முதுகுப்பக்கம் ஏறி, வலது தோள்பட்டைக்குள் புகுந்து முறுக்கியது. முகம் சாம்பலாகி, பாத்திரம் கழுவும் தொட்டியில் வாந்தி எடுத்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா."

"இந்தக் கேக்கு போகட்டும். அப்புறம் பார்க்கலாம்."

கேக் போயிற்று. வலியும் போயிற்று. அடுத்த பெரிய ஆர்டரில் இரண்டும் திரும்பி வந்தன. அன்றைக்கு அவர் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டே தரையில் சரிந்தார். மாஸ்டர் கிரீம் கையோடு அவரைத் தூக்கினார். படியேற மூன்று இடத்தில் நிற்கிற மனிதர், மனைவியைத் தூக்கிக்கொண்டு தெருமுனை ஆட்டோ ஸ்டாண்ட் வரை நிற்காமல் ஓடினார். [இதில் எதையும் கழிக்காதீர்கள். நான் பால்கனியிலிருந்து பார்த்தேன்.]

6

அதே சர்ஜன். அதே கத்திப் பேச்சு. ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பித்தப்பை நிறையக் கல்லு. சட்டுன்னு எடை குறைஞ்சா இப்படி வரும். பித்தநீர் வெளிய போக வழியில்லாம தேங்கிக் கெட்டியாகும். என்கிட்ட ஆபரேஷன் பண்ணிக்கிறவங்களுக்கு அதுக்காகவே மாத்திரை எழுதித் தர்றேன். உங்களுக்கு யாரும்மா டயட் எழுதித் தந்தது? நீங்க என் பேஷண்ட்டே இல்லையே!"

"அவரு குடிச்சாரு, நானும் குடிச்சேன்" என்றார் மாஸ்டரம்மா.

சர்ஜன் மாஸ்டரின் பக்கம் திரும்பினார்.

மாஸ்டரின் கல்லீரலையும் பார்த்தார்கள். சுருங்கியிருந்தது. கரண்டி கைமாறிய பலன். வருகிற வியாழக்கிழமை அவருக்கு அறுவை என்று ஏற்கெனவே நேரம் ஒதுக்கியிருந்தது.

"அந்த நேரத்தை இவங்களுக்குத் தரலாம்" என்றார் சர்ஜன். "நான் தரச் சொல்லுவேன். இன்னொரு தடவை வலி வந்து சீழ் பிடிச்சா ராத்திரியோ பகலோ அவசரமாத் திறக்க வேண்டியிருக்கும். உங்களுக்கு அடுத்த நேரம் ஒன்றரை மாசம் தள்ளித்தான். அதுவரைக்கும் இந்த டயட்டை நீங்க காப்பாத்தணும். விட்டீங்கன்னா கல்லீரல் பழையபடி ஆயிடும். தழும்பு ஏற்கெனவே இருக்கு, நான் காத்திருக்கச் சொல்றேன், அது காத்திருக்காது. பேசி முடிவு பண்ணுங்க."

"பேசறதுக்கு என்ன இருக்கு? இவளுக்குத்தான்" என்றார் மாஸ்டர்.

"அவருக்குத்தான்" என்றார் மாஸ்டரம்மா.

7

வியாழக்கிழமை வருவதற்கு முன்பே நான் முடிவு எழுத உட்கார்ந்தேன்.

*முடிவு. மாஸ்டரம்மாவின் பித்தப்பையை எடுத்தார்கள். அவர் படுத்திருந்த நாட்களிலும் அதன் பிறகும் மாஸ்டர் கரண்டியை நாக்கில் வைக்கவே இல்லை. கண்ணால் பார்த்தும் கையால் தொட்டுமே கிரீம் செய்யக் கற்றார். ஒன்றரை மாதம் கழித்து,*

மாஸ்டரம்மா அதற்கு மேல் படிக்கவில்லை. "உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"எதும்மா?"

"வைக்கவே இல்லைன்னு. நான் எதிர்ல உட்கார்ந்திருந்தப்பவே வச்சாரு. நான் மயக்கத்துல கெடக்கறப்ப வைக்க மாட்டாருன்னு எந்தத் தைரியத்துல எழுதுறீங்க?"

சரி, வேறு.

*முடிவு. வியாழக்கிழமை மாஸ்டருக்கு அறுவை நடந்தது. வெளியே காத்திருந்த மாஸ்டரம்மாவுக்கு விலாவுக்குக் கீழே லேசாக,*

இப்போது மாஸ்டர் தாளைப் பறித்தார். கிழிப்பாரென்று நினைத்தேன். நான்காக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "இது வேணாம் சார்" என்று மட்டும் சொன்னார். அந்தக் குரலுக்குப் பிறகு அதை மறுபடி எழுத என் கை வரவில்லை.

இன்னொன்றும் முயன்றேன்: ஒரே நாளில் இருவருக்கும், பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில், கைகோத்து, திரை விலகக் காலைவெயில். சர்ஜனிடம் கேட்டேன். "சார், இது ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம் இல்ல" என்றார். போயிற்று.

ஆக, கதை ஒரே கேள்வியில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது. நேரத்தை யார் எடுத்துக்கொள்வது என்பது கேள்வியே இல்லை; நல்ல புத்தி உள்ள யாரும் மாஸ்டரம்மாதான் என்று சொல்லிவிடுவார்கள், மாஸ்டரம்மாவைத் தவிர. அவர் படுத்துக்கொண்டால் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் யாரும் இல்லை. அவர் இல்லாத பேக்கரியில், தான் தின்பது தனக்கே தெரியாத ஒரு மனிதரை விட்டுவிட்டுப் போக வேண்டும். அவர் ஏமாற்றுவார் என்று பயந்தால் திட்டலாம், பூட்டி வைக்கலாம். ஏமாற்றத் தெரியாதவரை என்ன செய்வது?

8

வியாழக்கிழமை. நானும் கூடப் போனேன். மாடியிலிருந்து ஒரு ஆள் துணைக்கு என்று அவர்கள் நினைத்தார்கள். முடிவு கிடைக்கும் என்று நான் நினைத்தேன். இருவரும் வெறும் வயிற்றோடு வந்திருந்தார்கள். யாருக்கு என்று ஆஸ்பத்திரிக்குச் சொல்லவே இல்லை. பச்சைப் பெயின்ட் அடித்த வராண்டா, சுவரோடு பிணைத்த நாற்காலிகள். மாஸ்டர் நாற்காலியில் உட்காராமல் நின்றார்.

"ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார் மாஸ்டரம்மா. "நான் உள்ள போனா ஒழுங்கா இருப்பேன்னு சத்தியம் பண்ணுங்க."

"பண்ண மாட்டேன்."

"என்னது?"

"போன தடவை பண்ணினேன். அது பொய்யில்ல. ஆனா நெசமாவும் இல்ல. இந்த வாயால இன்னொரு தடவை சத்தியம் பண்ணி உன்னை உள்ள அனுப்ப எனக்கு மனசு வரல."

"அப்ப எதை நம்பி நான் போய்ப் படுக்கிறது?"

  மாஸ்டர் மனைவிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அது கிறீச்சிட்டது. [இல்லை. கிறீச்சிடவில்லை. பழக்கதோஷம்.]

"தெரியல" என்றார். "அங்க நின்னுக்கிட்டு இருக்கறப்ப கை தானா மேல வருது. வர்றது இப்ப எனக்குத் தெரியுது. முன்னாடி தெரியாது. அவ்வளவுதான் என்கிட்ட இருக்கு."

மாஸ்டரம்மா நீண்ட நேரம் அவருடைய வலது கையைப் பார்த்தார். வலி வந்ததாலா, வேறு எதனாலா தெரியாது, உதட்டைக் கடித்துக்கொண்டார்.

கதவு திறந்தது. நர்ஸ் வந்தார். கையில் மடித்த நீல அங்கி ஒன்று. ஒன்றே ஒன்று.

"யாருங்க வரப்போறது?"

நான் அங்கே இருந்தேன், அதனால் எழுந்தது யாரென்று எனக்குத் தெரியும். சொன்னால் வழக்கம்போலப் பாதியைக் கழித்துவிடுவீர்கள். இந்த விஷயத்தில் பாதி என்று ஒன்று இல்லை. யாரோ ஒருவர் முழுதாக எழுந்து போக வேண்டும், இன்னொருவர் முழுதாக உட்கார்ந்திருக்க வேண்டும். "தெரியுது" என்ற அந்த ஒரு சொல் போதுமா போதாதா என்பதை நான் எழுதிக் கொடுத்தால், அது ஒரு கிழவனின் தாராளம். நீங்கள் சொன்னால், இந்தத் தம்பதியை நீங்கள் எவ்வளவு நம்புகிறீர்கள் என்பது தெரியும்.

மாஸ்டரம்மாவாக ஒரு நிமிடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். வலது பக்கம் கொஞ்சம் சாய்ந்து உட்காருங்கள், நேராக உட்கார்ந்தால் வலிக்கும்.

நர்ஸ் கதவை முதுகால் தாங்கிக்கொண்டு நிற்கிறார். அவருக்கு வேறு வேலையும் இருக்கிறது.